அவள் மாத்திரை, என் வயிறு

என் மனைவி முழுகாமல் இருந்தபோது வாந்தி அவளுக்கு வந்தது, மலச்சிக்கல் எனக்கு வந்தது. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாதங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு கோழிப்பண்ணையில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். என்னைக் கண்டதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பவை கோழிகள் மட்டும்தான், அதுவும் தீவனத்துக்காக. ஆனால் தொழிலில் நான் கெட்டி. ஒரு முட்டையைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் போதும், இந்த வரிசைக் கோழிகளுக்குக் கிளிஞ்சல் பத்தவில்லை என்று சொல்லிவிடுவேன். மத்தியானத் தீவனத்தில் கிளிஞ்சலைக் கூட்டச் சொல்வேன். நாலைந்து நாளில் ஓடு கெட்டிப்பட்டுவிடும். இத்தனை ஆயிரம் கோழிகளுக்குச் சத்து ஏற்றத் தெரிந்த எனக்கு, வீட்டில் இருந்த ஒரே ஒரு ஆளுக்கு ஒரு மாத்திரை கொடுக்கத் துப்பில்லாமல் போயிற்று.

மூன்றாம் மாதத்தில் ஊருக்கு வரும் சுகாதார நர்ஸ் அவள் பெயரைப் பதிவு செய்து, ஒரு கர்ப்பிணிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். ஸ்கூட்டியில் வருவார், இறங்குவதற்கு முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார். விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். பத்து புள்ளி இரண்டு. "பதினொன்னாச்சும் இருக்கோணும் கண்ணு. இந்தச் சத்து மாத்திரை தினம் ஒன்னு. அடுத்த மாசம் வாரப்ப காலி அட்டையைக் காட்டோணும்" என்றார். சிவப்பு மாத்திரை. இரும்புச் சத்து.

அன்று சாயங்காலம் என் மனைவி அதை மூக்கருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான், கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, துருப்புடிச்ச கதவ நக்குன மாதிரி இருக்குதுங்க."

வாந்தி ஒரு காரணம். அதற்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அவளுக்கு அம்மா இல்லை. குமாரபாளையத்தில் கட்டிக்கொடுத்த ஒரு அக்கா மட்டும்தான். அந்த அக்காவுக்குப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது, ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். இவள் போய்க் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு எழுந்ததையும், இருமுவதற்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்ததையும் பார்த்துவிட்டு வந்தவள், பிள்ளை சின்னதாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் இது அவள் ஒருத்தி முடிவு அல்ல. ஆறாம் மாதத்திலிருந்து அரை வயிறு சாப்பிட்டால் பிள்ளை சிறுத்து, சுலபமாக வந்துவிடும் என்பது தெருவில் பாதிப் பேர் சொல்லும் யோசனை. சத்து மாத்திரை என்ற பெயரே வினையாகிவிட்டது. சத்து என்றால் பெருக்கும் அல்லவா?

என் அம்மா அவள் கட்சி. "அடே சாமி, அவளை வம்பு பண்ணாத. அந்த மாத்திரையத் தின்னா பிள்ள பூசணிக்கா மாதிரி பெருத்துக்கும், அப்புறம் கத்திதான். நானு மூணு பெத்தனே, எந்த மாத்திரையத் தின்னேன்?"

மூன்றில் ஒன்று தங்கவில்லை. அம்மா அதை எந்தப் பேச்சிலும் சேர்த்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் சண்டை ஆகாது. அதைவிட முக்கியம், எனக்கு ஓரிடத்தில் உட்காரவே ஆகாது. யாராவது குரலை உயர்த்தினால் என் கால் செருப்பைத் தேடும்.

அதனால் சண்டை போடாமல் ஜெயிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மறுநாள் சாயங்காலம் அவள் முன்னால் நின்று, "இங்க பாரு புள்ள, நானே முழுங்கறேன். எனக்கு என்ன ஆயிருதுன்னு பாரு" என்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். வித்தைக்காரன் மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினேன். அவள் இரக்கத்தோடு பார்த்தாள்.

"சரிங்க. உங்களுக்கு ஒன்னும் ஆகுலீன்னா நாளைக்கு நானு முழுங்கறேன்."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அவளுக்கு வாந்தி. அதற்கு மறுநாள் நான் மறுபடியும் முழுங்கிக் காட்டினேன். இப்படியே ஒரு வாரம் போனதும் காட்டுவது நின்று, முழுங்குவது மட்டும் நிலைத்துவிட்டது. நர்ஸ் வருவதற்குள் அட்டை காலியாக வேண்டுமே. தூக்கி எறியலாம்தான். அரசாங்கம் கொடுத்த மருந்தை வீணாக்க மனசு வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எறிந்தால் அது ஏமாற்று. முழுங்கினால் யாரோ ஒருவர் சாப்பிட்ட மாதிரிதானே என்று என் மூளை ஒரு சமாதானம் செய்து வைத்திருந்தது. அந்த மூளைக்குத்தான் சூப்பர்வைசர் வேலை கொடுத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் நர்ஸ் வந்தார். காலி அட்டைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பரவால்லியே, கெட்டிக்காரி" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையில் பல்லியைப் பார்த்தேன்.

"மாத்திரை ஒடம்புல சேந்தா வெளிக்குப் போறது கறுப்பா இருக்கும். பயந்துக்கக் கூடாது. கறுப்பாப் போகுதா கண்ணு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நல்லாக் கறுப்பாப் போகுதுங்க. தார் மாதிரி."

"உங்களைக் கேக்கலீங்க" என்றார் நர்ஸ். ஆனாலும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை, பொய்யாகப் பதிவானது.

ஆறாம் மாதம் ரத்தம் எட்டு புள்ளி ஆறு. நர்ஸ் நெற்றியைச் சுருக்கினார். அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்து என்னிடமும் காட்டினார். "பாருங்க, உள்ள செவப்பா இருக்கோணும். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குது. இனி காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு."

அதாவது, எனக்கு இரண்டு.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பண்ணையில் ஒரு ஷெட்டில் நின்றால் வீட்டு நினைப்பு. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்க்க முடியாமல் மறுபடியும் பண்ணை. ஒரு நாளில் நான்கு நடை. வழியில் வேலூர்ப் பூவன் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்வேன், என் வயிற்றுக்காக. அவளுக்கும் கொடுப்பேன். அவள் ஒன்றைத் தின்றுவிட்டு, "போதுமுங்க, பெருத்துக்கும்" என்பாள். வயிறு மட்டும் முன்னால் தெரிந்தது. முகமும் கையும் சுருங்கிக்கொண்டே வந்தன. மாடிப்படி கிடையாது எங்கள் வீட்டில். இருந்தும், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கினாள்.

என்னைக் கண்டுபிடித்தது முட்டை பொறுக்கும் பெண். கொல்லிமலைக்காரி. புருஷனோடு கீழே இறங்கி வந்து பண்ணைக் குடியிருப்பில் இருந்தாள். அவளுக்கும் வயிற்றில் பிள்ளை, என் மனைவியைவிட ஒரு மாதம் இளையது. மலைக்காரப் பெண்களுக்கு மாத்திரை, ஊசி எல்லாம் ஆகாது, நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஒருநாள் காலையில் டீயோடு மாத்திரையை முழுங்கிக்கொண்டிருந்தேன். முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு எத்தன மாசமுங்க?"

டீ மூக்கில் ஏறிவிட்டது.

"இதே செவப்பு மாத்திரதான் எனக்கும் குடுத்தாங்க. டீயோட முழுங்காதீங்க, ஒடம்புல சேராதாம். எலுமிச்சந்தண்ணி நல்லது. பிள்ள அசையுதுங்களா?"

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது வேடிக்கையாகத்தான் சொன்னேன். நான் எதையும் அப்படித்தான் சொல்வேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, மொதப் பிள்ளைய நான் மேல ஊட்டுலதான் பெத்தேன். மாத்திரையெல்லாம் கூரையில சொருகி வெச்சிருந்தேன். சின்னப் பிள்ளதான், ரெண்டு கிலோகூட இல்ல. சுளுவா வந்துருச்சு. அப்புறம் ரத்தம் நிக்கவே இல்ல. கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு எறங்குனாங்க. கம்பளி நனைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில, இந்தப் புள்ளை ஒடம்புல முன்னாடியே ரத்தமில்லியே, எதை வெச்சுத் தாங்கும்னு கேட்டாங்களாம். பிள்ள சின்னதா இருந்தா ரத்தம் போகாதுன்னு உங்க ஊர்ல யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

"வர்ற செவ்வாக்கெழமை செக்கப்புக்கு நானும் வாரேன். அதுக்குள்ள நீங்க டாக்டரம்மாகிட்டச் சொல்லலீன்னா நானு சொல்லிருவேன். அப்புறம் என்னைய வேலைய உட்டு நிறுத்துனாலும் சரி."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளில் நான் எத்தனை முறை வண்டியை எடுத்தேன், எங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மல்லசமுத்திரத்தில் தீவன வியாபாரி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி, அங்கே போய் எதற்கு வந்தேன் என்பது மறந்து, ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மலைக்காரப் பெண்ணின் கதையை மனைவியிடம் சொன்னேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும், "அந்தப் பிள்ள பொழைச்சுதுங்களா?" என்றாள்.

"பொழைச்சுது. பள்ளிக்கூடம் போகுது."

"அப்ப சரி" என்றாள். ஆனால் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சிறிது நேரம் கழித்து மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அலமாரியில் வைத்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வரிசை வாசல்வரை இருந்தது. மலைக்காரப் பெண் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ரத்தம் பதினொன்று. என் மனைவிக்கு ஏழு புள்ளி நான்கு.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கர்ப்பிணிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "தினம் ரெண்டு மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருக்காங்க. அப்பவும் ரத்தம் இறங்கிக்கிட்டே போகுதுன்னா வேற என்னமோ இருக்கு. எங்கயாவது ரத்தம் கசியலாம். இல்ல, ரத்தம் ஊறுற இடத்துலயே கோளாறா இருக்கலாம். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். அட்மிட் பண்ணி எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். தேவைப்பட்டா எலும்புல ஊசி போட்டும் பார்ப்பாங்க."

எலும்பில் ஊசி என்றதும் என் மனைவியின் கை என் சட்டையைப் பிடித்தது. அவள் கத்திக்குப் பயந்தவள். ஒரு கத்தியிலிருந்து தப்பிக்கப் போய், இல்லாத ஒரு நோய்க்கு அவளை ஊசியின் கீழே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெஞ்சிலிருந்து மலைக்காரப் பெண் எழுந்து நின்றாள். என் கால் வழக்கம்போல வாசல் பக்கம் திரும்பியது. வாசலை வரிசை அடைத்துக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, மாத்திரை சாப்பிட்டது நானுங்க."

"எது?"

"எல்லாமுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். நர்ஸ் என் முன்னால் வந்து நின்றார். "கறுப்பாப் போகுதுன்னு சொன்னீங்களே?"

"அது நெசந்தானுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பின்னால் பரவி, ஏழெட்டு வயிறுகள் குலுங்கின. நர்ஸ் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "ஆறாம் மாசத்துலருந்து இந்தப் புள்ளைக்கு எங்க ரத்தம் போகுதுன்னு தெரியாம நான் சோறு உண்ண முடியாம இருக்கேன். நல்லா ஏப்பம் உட்டுட்டு நின்னீங்களே தம்பி" என்றார்.

டாக்டர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து என் விரலிலும் குத்தினார். பதினாறு. "அருமை. உங்க பிரசவத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சமும் கவலை இல்ல" என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "நீ ஏம்மா சாப்பிடல?"

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். அக்காவின் ஆபரேஷன், கட்டில், இருமல், பூசணிக்காய் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. என்னிடம் இத்தனை மாதத்தில் அதில் பாதிகூடச் சொன்னதில்லை. நான் உட்கார்ந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

டாக்டர் முழுவதும் கேட்டார். "இந்த மாத்திரை பிள்ளையைப் பெருக்காதும்மா. உனக்கு ரத்தம் ஊற வைக்கும், அவ்வளவுதான். தானா பெத்தாலும் ரத்தம் போகும், ஆபரேஷன் பண்ணினாலும் போகும். ரெண்டுக்கும் உன்கிட்ட இருக்கணும். ஆபரேஷன் வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வந்தா நீ எழுந்து நடக்கிற மாதிரி உன்னைத் தயார் பண்ண முடியும்." சேலத்துக்கு எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். இரும்புச் சத்தை டிரிப்பில் ஏற்ற வேண்டும், ஒன்றுவிட்டு ஒருநாள், ஐந்து முறை.

ஐந்து முறையும் கூடப் போனேன். அந்த டிரிப் பழுப்பு நிறத்தில், கருப்பட்டித் தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கும். நான் கட்டிலைச் சுற்றி நடப்பேன். நர்ஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கால் சும்மா இருக்காதுன்னா அந்தத் தண்ணிக் கேனத் தூக்கியாந்து வெய்யுங்க" என்பார். அந்தச் சுகாதார நிலையத்தில் அந்தப் பத்து நாளும் குடிதண்ணீர்ப் பஞ்சமே இல்லை. அம்மா முதல் நாள் முறைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் அவளே தூக்குப்போசியில் முருங்கைக்கீரைப் பொரியல் கொண்டுவந்து, முழு வயிறு தின்னும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்காத அந்தப் பிள்ளையைப் பற்றி அன்றைக்குத்தான் முதல் முறையாக என் மனைவியிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. நான் தண்ணீர்க் கேனோடு வெளியே இருந்தேன்.

ஒன்பதாம் மாதம் ரத்தம் பத்தைத் தொட்டது.

வலி ஒரு காலையில் வந்தது. ரத்தம் குறைவாக இருந்தவள் என்பதால் சுகாதார நிலையத்திலிருந்து நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். மத்தியானம்வரை வராந்தாவில் நடந்தேன். காவலாளி, "ஏனுங்க, தரை தேயுது, உக்காருங்க" என்றார். மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. முன்னெச்சரிக்கைக்கு ஒருவர் ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார்கள், ஓடிப்போய்ப் படுத்தேன். அளந்து பார்த்தவர், "நல்ல ரத்தம்ணா, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். நான் கூரையில் பல்லியைத் தேடினேன்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு திரும்பியபோது பெண் பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. ஆபரேஷன் இல்லை. அம்மா துணிக்குள் காட்டினாள். நான் பல்லைக் காட்டி முடிப்பதற்குள் உள்ளே ஆட்கள் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் ஓடினார். கதவு மூடியது. எனக்குக் கம்பளி நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்க்காத அந்தக் கம்பளி நனைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு மட்டும் என் கால் நகரவில்லை. கதவைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து உள்ளிருந்து ஒரு நர்ஸ் வந்தார். "ரத்தம் கொஞ்சம் கூடப் போயிருச்சு. ஊசி போட்டு நிறுத்தியாச்சு. ஒரு பாட்டில் ஏத்தறோம். தாங்கிட்டாங்க." கையில் இருந்த கர்ப்பிணிப் புத்தகத்தைப் பார்த்தார். "ஏழாம் மாசத்துல ஏழு புள்ளி நாலா? அந்த அளவோட வந்திருந்தா..." என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

மீதியை நான் இன்றுவரை அவ்வப்போது சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வண்டி ஓட்டும்போது, தீவன மூட்டை எண்ணும்போது.

அவளுக்கு ஏற்றியது யாரோ கொடுத்த ரத்தம். என்னுடையது யாருக்கோ போயிருக்கும். ஆனால் என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே, "உங்க ரத்தமா அது? என்ற மாத்திரை" என்றாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. அதற்குள் எகத்தாளம்.

மலைக்காரப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பையன் பிறந்தான், எல்லாம் சுகமாக. பண்ணைக்குத் திரும்பி வந்ததும் ஆள் நடுவில் என்னைக் கேட்டாள்: "அண்ணா, ஒடம்பு தேறுச்சுங்களா? தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" இன்றும் பண்ணையில் யாராவது மாத்திரை போட்டால், எத்தனை மாதம் என்று கேட்காமல் விடுவதில்லை.

பிள்ளை பெற்ற பிறகும் ஆறு மாதம் அதே சிவப்பு மாத்திரை உண்டு. ஊர் நர்ஸ் அட்டைகளை என் கையில் கொடுக்கவில்லை. அவள் கையில் கொடுத்தார். தினமும் சாயங்காலம் எலுமிச்சைத் தண்ணீரோடு முழுங்குவாள். முகம் கோணும். நாக்கை நீட்டிக் காட்டுவாள். பிறகு என்னிடம், "இப்ப நீங்க வாயத் தெறங்க" என்பாள். நான் திறப்பேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, திருப்தியான பிறகுதான் விடுவாள்.

அதற்கப்புறமும் எனக்கு மனசு கேட்காது. கிட்டே போய் அவள் கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். காலையில் ஒரு தடவை, வேலையிலிருந்து வந்து ஒரு தடவை, நடுவில் பிள்ளையைப் பார்க்கிற சாக்கில் ஒரு தடவை.

"கையை எடுங்க" என்று தட்டிவிடுவாள். "நானென்ன உங்க பண்ணை முட்டையா?"